காணக் கற்பிப்போர்: ஆடவல்லான் திருமேனியும் கலைத் திறனாய்வும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்நிலைப்பள்ளி மாணவர் இருபதின்மரை அரும்பொருளகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அங்கே நடராசர் செப்புத் திருமேனி ஒன்று மேலிருந்து விழும் ஒளியில் கண்ணாடிக்குப் பின்னே நின்றிருந்தது. இதனைப் பற்றி யாரேனும் கூற இயலுமா என்று கேட்டவுடன் ஒரு மாணவன் முன்வந்தான். துடி ஏந்திய கை படைத்தல், அமைந்த கை காத்தல், தீ ஏந்திய கை அழித்தல், ஊன்றிய திருவடி மறைத்தல், தூக்கிய திருவடி அருளல் என ஐந்தொழிலையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தான். பாராட்டினோம். பிறகு அவனைத் திருமேனிக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லித் தூக்கியிருப்பது எந்தக் கால் என்று கேட்டோம். சற்றே எண்ணிப் பார்த்து, வலக்கால் என்றான். உடன் வந்த மாணவர் சிரித்தனர்.

சிரித்தவருள் எத்தனை பேர் சரியாகச் சொல்லியிருப்பர் என்பதில் நமக்கு ஐயம் உண்டு. அம்மாணவன் முற்றிலும் பிழையாகவும் கூறிவிடவில்லை. மதுரை வெள்ளியம்பலத்தில் இறைவன் வலக்கால் தூக்கி ஆடுகிறான். கால் மாறி ஆடிய கதை தமிழ்நாட்டில் பலரும் அறிந்தது. ஆயினும் அம்மாணவன் மதுரையை நினைந்து அவ்விடை கூறவில்லை. அவன் படிமத்தைப் பார்க்கவே இல்லை. படிமத்தைப் பற்றி யாரோ எழுதியதை மிக நன்றாகப் படித்திருந்தான். அதனால் பார்க்க வேண்டிய தேவையே அவனுக்கு எழவில்லை.

கலையைச் சுவைப்பதற்குத் திறனாய்வாளர் துணை வேண்டுமா என்னும் பழைய வினாவை இந்நிகழ்ச்சியிலிருந்தே எடுத்துக்கொள்கிறோம். கரும்பின் சுவையை நா அறியும், அதற்கு உரை எதற்கு என்று கேட்பவர் உளர். உரையின்றி எதுவும் விளங்காது என்று அஞ்சி, நூலை விடுத்து உரையை மட்டும் படிப்பவரும் உளர். இரண்டினையும் பொதுப்பட வைத்து வாதிடுவதால் பெரும் பயன் விளைவதில்லை. ஒரே ஒரு படிமத்தையும் அதனைச் சூழ்ந்து எழுந்த திறனாய்வையும் தொடர்ந்து பார்ப்போம். இன்று உலகம் முழுதும் அறிந்த இத்திருமேனியை உலகம் அறியும்படி செய்தவர் கலைத் திறனாய்வாளரே. அதனை நாம் பார்க்காமலே அறிந்துவிட்டதாக எண்ணச் செய்ததிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

முதலில் கண் திறவாத காலத்தைக் காண்போம். 1910ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டன் மாநகரத்துக் கலைச் சங்கம் ஒன்றில் இ. பி. ஹாவெல் என்பவர் இந்தியக் கலை பற்றி உரையாற்றினார். இவர் சென்னைக் கலைப்பள்ளியிலும் பின்னர்க் கல்கத்தாக் கலைப்பள்ளியிலும் முதல்வராக இருந்தவர். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் சர் ஜார்ஜ் பேர்ட்வுட். இந்தியாவில் நுண்கலை என்று கூறத்தக்கது எதுவும் இல்லை என்பது தலைவரின் துணிபு. அங்கே சாவகத் தீவின் புத்தர் சிலை ஒன்றின் நிழற்படம் காட்டப்பட்டது. ஊழ்கத்தில் அமர்ந்த அவ்வுருவைச் சுட்டி, கொழுப்புச் சேர்த்து அவித்த மாப்பண்டம் ஒன்றும் இதே அளவு அமைதியை உணர்த்தக் கூடும் என்னும் பொருள்பட அவர் ஏளனம் செய்தார்.

இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் பேர்ட்வுட் அறியாதவர் அல்லர். அவர் பெல்காமில் பிறந்தவர். பம்பாயில் பல்லாண்டு பணியாற்றியவர். இந்தியக் கைவினைகளைப் பற்றி 1880இல் பெருநூல் ஒன்று எழுதியவர். நெசவையும் உலோக வேலைப்பாட்டையும் மட்கலத்தையும் மனமாரப் போற்றியவர். அக்காலத்தில் இத்துறைக்கு அவரையே சான்றாக எடுத்துக்காட்டுவர். கிரேக்கச் சிற்பத்தின் தசைநார் அளவையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சாவகப் புத்தரை அளந்தார். அளவுக்குள் அது அடங்கவில்லை. நிரம்பக் கற்ற திறனாய்வாளரே தம் கண்ணையும் பிறர் கண்ணையும் மூடிவிடக் கூடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்றை நாம் அறியோம். நம் வட்டாரத்துக்கு அருகிலிருந்து சென்ற சிற்பம் அது என்பதும் எண்ணத்தக்கது. காடும் மண்ணும் மூடிக் கிடந்த போரோபுதூர்க் கோயிலைத் துலக்க 1814இல் ஆளனுப்பியவர், பின்னாளில் சிங்கப்பூரில் வந்திறங்கிய இராஃபிள்ஸ். மண்ணை அகற்றி ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும் கண்ணை மூடிய திரை அகலவில்லை.

அதற்கு மறுமொழி விரைவில் வந்தது. அதே ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள், ஓவியர் வில்லியம் ரோதன்ஸ்டைன், வால்டர் கிரேன் உள்ளிட்ட பதின்மூவர் கையொப்பமிட்ட மடல் ஒன்று இலண்டன் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்தது. இந்தியக் கலையில் தாங்கள் உயர்ந்த ஊக்கத்தைக் காண்பதாக அவர்கள் அறிவித்தனர். அவ்வாண்டே இந்தியக் கலையை அறிமுகப்படுத்துதற்கெனச் சங்கம் ஒன்றும் இலண்டனில் தோன்றியது. அச்சங்கத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி.

இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். 1877ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தவர். தந்தையார் சர் முத்து குமாரசுவாமி இலங்கைத் தமிழர். தாயார் எலிசபெத் பீபி ஆங்கிலேயர். இரண்டு வயது நிரம்புமுன்னரே தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். அவர் கற்றது கலை அன்று; நிலவியல். இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைமை ஏற்றுப் பாறைகளைத் தேடி ஊர் ஊராய்ச் சென்றவர், அவ்வூர்களில் நலிந்துகொண்டிருந்த கைவினைஞரைக் கண்டார். அக்காட்சியின் விளைவாக எழுந்ததே சிங்களரின் இடைக்காலக் கலை பற்றி அவர் 1908இல் வெளியிட்ட பெருநூல். கல்லின் அடுக்கையும் நிறத்தையும் பிளவையும் உற்றுநோக்கிப் பழகிய கண் அது. பேர்ட்வுட் கையில் கொண்டிருந்த அளவுகோலைக் குமாரசுவாமி ஏந்தவில்லை. எந்த மக்கள் இதனைச் செய்தனர், எதற்காகச் செய்தனர், எந்த நூல் இதற்கு இலக்கணம் கூறுகிறது என்னும் வினாக்களையே அவர் முதலில் எழுப்பினார்.

சிவனின் நடனம் பற்றிய அவருடைய கட்டுரை 1912இல் சித்தாந்த தீபிகை இதழில் வெளிவந்தது. அதனைத் தலைப்புக் கட்டுரையாகக் கொண்ட தொகுப்பு நூல் 1918இல் நியூயார்க்கில் அச்சாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே பாஸ்டன் நகரத்து நுண்கலை அரும்பொருளகத்தில் இந்தியப் பிரிவின் காப்பாளராகப் பொறுப்பேற்றிருந்தார். 1947இல் மறையும் வரை அந்நிறுவனத்துடனேயே இருந்தார். அக்கட்டுரையில் அவர் செய்தது யாது? மனவாசகங்கடந்தார் அருளிய உண்மை விளக்கம், திருமூலர் திருமந்திரம் முதலிய தமிழ்ச் சைவ நூல்களின் கருத்தைக் கொண்டு திருமேனியின் ஒவ்வோர் உறுப்புக்கும் பொருள் உரைத்தார். இந்நூற்கருத்துகள் அவருக்கு எளிதில் கிட்டியமைக்குக் காரணம் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையின் ஆங்கில மொழிபெயர்ப்புகள். நீதித்துறையில் பணி புரிந்துகொண்டே சைவ சாத்திரங்களை மொழிபெயர்த்துச் சித்தாந்த தீபிகையையும் நடத்தியவர் அவர். உலகப் புகழ் பெற்ற கட்டுரையின் அடித்தளத்தில் இத்தகைய ஒருவரின் உழைப்பு புதைந்திருப்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பெயர் இறுதியில் சிறிய எழுத்தில்தான் அச்சாகும். நம் பாடநூல்களில் அதுவும் இல்லை.

அதன் விளைவு பெரிது. நான்கு கைகள் என்றாலே விகாரம் என்று முகம் சுளித்த மேலை நாட்டவர், ஒவ்வொரு கைக்கும் ஒரு வேலை உண்டு என்பதை முதன்முறையாக அறிந்தனர். விகாரம் எனத் தோன்றியது ஒழுங்காகத் தோன்றத் தொடங்கியது. திறனாய்வாளர் தரும் முதற்கொடை இதுவே என நாம் கருதுகிறோம். அவர் படிமத்தில் எதனையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. பார்ப்பவர் கண்ணிலிருந்து ஒன்றை அகற்றுகிறார்.

ஏறத்தாழ அதே காலத்தில் வேறொருவரும் இத்திருமேனியைப் பற்றி எழுதினார். பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்த் ரொதான், விக்டர் கோலுபேவ் தந்த நிழற்படங்களைக் கண்டு 1913இல் எழுதிய குறிப்புகள், அவர் மறைந்து நான்காண்டுகளுக்குப் பின் 1921இல் அச்சேறின. சென்னை அரும்பொருளகத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராசரை அவர் நேரில் கண்டதே இல்லை. சைவ சித்தாந்தமும் அவருக்குத் தெரியாது. ஆகவே துடி என்றால் படைப்பு, தீ என்றால் அழிப்பு என்னும் பேச்சே அவரிடம் இல்லை. உதட்டின் வளைவு, முகத்தைப் பக்கவாட்டில் காணுங்கால் தோன்றும் மென்மை, கால்களின் மீது ஒளி வழுகிச் செல்லும் தன்மை ஆகியவற்றையே கண்டார். சிற்பி ஒருவர் மற்றொரு சிற்பியின் கைவேலையைத் தடவிப் பார்ப்பது போன்ற எழுத்து அது.

குமாரசுவாமி கூறியதில் இல்லாதது ரொதானிடம் இருந்தது. ரொதான் அறியாததைக் குமாரசுவாமி அறிந்திருந்தார். ஒருவர் பொருளைச் சொன்னார், மற்றவர் வடிவத்தைச் சொன்னார் என்று சரிபாதியாகப் பிரித்துவிட நாம் விரும்பவில்லை. நம் பள்ளிகளில் இவ்விருவருள் ஒருவரே வெற்றி பெற்றார் என்பதுதான் இங்குக் கருதத்தக்கது. ஐந்தொழில் விளக்கத்தைத் தேர்வில் எழுதலாம், மதிப்பெண் வழங்கலாம். உதட்டின் வளைவுக்கு எப்படி மதிப்பெண் இடுவது? எனவே விளக்கம் பாடநூலுக்குள் சென்றது. வளைவு வெளியே நின்றுவிட்டது. அரும்பொருளகத்தில் நம் மாணவன் ஒப்புவித்தது உண்மை விளக்கத்தின் கருத்து. நூறாண்டுக்கு முன்னர்க் குமாரசுவாமி அதனை எடுத்து மொழிந்த முறையின் எதிரொலி. சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் அணுத்துகள் ஆய்வு மையத்தில் 2004ஆம் ஆண்டு இந்திய அரசு வழங்கிய நடராசர் நிறுவப்பட்டது; அதன் அருகே உள்ள பலகையிலும் குமாரசுவாமியின் சொற்களைக் காணலாம். திறனாய்வுக் கட்டுரை ஒன்று இத்தனை தொலைவு சென்றது வியப்பே. ஆனால் அத்தனை தொலைவு சென்ற விளக்கம் சிலையைவிட உயரமாகிவிடுகிறது.

இவ்விடத்தில் காலக்கணக்கு ஒன்றைப் பார்க்க வேண்டும். ஆனந்தத் தாண்டவத் திருமேனி நாம் இன்று அறிந்த வடிவில் செம்பில் வார்க்கப்பட்டுப் பெருகியது பத்தாம் நூற்றாண்டில். கண்டராதித்தர் தேவியார் செம்பியன் மாதேவியார் எடுப்பித்த கற்றளிகளின் தென்புறச் சுவரில் ஆடவல்லானுக்கு மாடம் அமைந்தது. உண்மை விளக்கமோ பதின்மூன்றாம் நூற்றாண்டினது. ஆக, விளக்கம் பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே படிமம் பிறந்துவிட்டது. முதன்முதல் அதனை வார்த்த கன்னாரும் அதன்முன் நின்ற அடியாரும் அதில் யாது கண்டனர்? பத்மா கைமல் என்னும் கலை வரலாற்றாய்வாளர் 1999இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வினாவையே எழுப்பினார். குமாரசுவாமியின் விளக்கம் பிற்கால நூல்களைக் கொண்டு முற்காலப் படிமத்தைப் படிக்கிறது என்றும், அப்படிமத்தின் பொருள் காலந்தோறும் மாறி வந்தது என்றும், சோழ அரசகுலத்தின் அடையாளமாகவும் அது விளங்கியிருக்கலாம் என்றும் வாதிட்டார். தஞ்சைக் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்பது இறைவன் பெயராக மட்டுமன்றி நெல் அளக்கும் மரக்காலின் பெயராகவும் வருவதை எண்ணினால், அவ்வாதத்தை எளிதில் ஒதுக்க இயலாது.

இதற்கு நாம் இன்னும் ஒன்று சேர்ப்போம். திருமேனியின் சடையை நெருங்கிப் பார்த்தால் அதில் மண்டையோடு ஒன்று தெரியும். பிறை தெரியும், கங்கை தெரிவாள், மண்டையோட்டை மட்டும் பலர் காண்பதில்லை. ஐந்தொழில் விளக்கத்தில் அதற்கு இடம் இல்லாமையே காரணம். ஆனால் உண்மை விளக்கத்துக்குப் பல நூற்றாண்டு முன்னரே தமிழில் இந்நடனத்தைப் பாடிய காரைக்காலம்மையார் கண்ட ஆடரங்கு சுடுகாடு. கள்ளி படர்ந்த, பேய்கள் உலவும், பிணம் எரியும் திருவாலங்காடு. அவர் கண்ட இறைவன் அண்டத்தை இயக்கும் தத்துவமாக மட்டும் நிற்கவில்லை. நள்ளிரவில் எரி நடுவே ஆடினான். ரொதான் நிழற்படத்தில் கண்டு உருகிய திருமேனி அதே திருவாலங்காட்டிலிருந்து வந்தது என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துச் சுவரில் ஆடும் இறைவன் அருகே அம்மையாரும் இருக்கிறார். நம் வட்டாரத்திலோ, காம்போசத்தின் பந்தேய் ஸ்ரீ கோயிலில் 967ஆம் ஆண்டை ஒட்டி வடித்த ஆடும் சிவன் சிற்பத்தில் காணப்படும் மெலிந்த பெண்ணுருவை அம்மையார் என்றே அறிஞர் பலர் கருதுவர். அப்படியாயின் அவர்தம் பாடல் கடல் கடந்து அச்சிற்பி காது வரை சென்றிருக்கிறது. திறனாய்வாளர் என்று அம்மையாரை யாரும் கூறார். ஆயினும் பிறர் காண அஞ்சும் இடத்தைச் சுட்டி, அங்கேதான் நடனம் நிகழ்கிறது எனக் காட்டியவர் அவர்.

மற்றொன்றும் உண்டு. குமாரசுவாமி எழுதியதும் ரொதான் எழுதியதும் அணியின்றி நிற்கும் செப்பு வடிவத்தைப் பற்றியே. திருக்கோயிலில் அடியவர் காண்பது அதனை அன்று. அங்கே பட்டும் மாலையும் அணிகலனும் திருமேனியை மூடியிருக்கும். முகமும் கையும் தூக்கிய திருவடியும் ஓரளவு தெரியலாம். பீடத்தில் உள்ள துளைகளும் வளையங்களும் தண்டு செருகித் தோளில் தூக்கிச் செல்வதற்கானவை. அது தெருவில் அசைந்து வரும் திருவுரு. அரும்பொருளகத்தில் ஒளிவிளக்கின் கீழ் அசையாது நிற்பது, ஒரு வகையில் அதன் இயல்புக்கு மாறான நிலை. மார்கழித் திருவாதிரை அன்று தில்லையிலோ நம் ஊர்க் கோயிலிலோ நின்று கண்ட பாட்டிமாருக்கு இது தெரியும். கலை நூல்களை மட்டும் படித்த நமக்கு இதனை உணரப் பல காலம் ஆயிற்று. அதனை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

அப்படியாயின் விளக்கங்களையெல்லாம் எறிந்துவிட்டு வெறுங்கண்ணோடு பார்ப்போமா? பேர்ட்வுட் கண்டதும் வெறுங்கண்ணோடு என்றுதான் அவர் நம்பினார்! வெறுங்கண் என்று ஒன்று இல்லை. நாம் அறியாமலே யாரோ ஒருவர் கற்பித்த கண்ணைக் கொண்டே பார்க்கிறோம். அதனால்தான் நம் முன்னோர் உரை என்பதை நூலுக்குப் புறம்பானதாகக் கருதவில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையை எடுத்துக்கொள்ளுங்கள். அடியார்க்குநல்லார் உரை இல்லையேல் மாதவி ஆடியது யாது, யாழ் எவ்வாறு அமைந்தது, அரங்கின் அளவு எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பவற்றுள் பெரும்பகுதி நமக்கு வெறும் ஓசையாகவே நின்றிருக்கும். தம் காலத்திலேயே அருகி வந்த இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு முதலிய நூல்களின் துணைகொண்டு உரை எழுதியதாக அவரே குறிப்பிடுகிறார். 1892இல் உ. வே. சாமிநாதையர் அவ்வுரையோடு சிலம்பைப் பதிப்பித்த பின்னரே தமிழிசை ஆராய்ச்சி தழைத்தது. சிவபெருமான் சுடுகாட்டில் ஆடிய கொடுகொட்டி முதலான பதினோராடலையும் நாம் அறிவதற்கு அவர் உரை பெருந்துணை. உரை கிட்டாத பகுதிகளில் இன்றும் அறிஞர் தடுமாறுவதைக் காண்கிறோம்.

அடியார்க்குநல்லாரிடம் நாம் மதிக்கும் பண்பு, அவர் தெரிந்ததை எல்லாம் கொட்டுவது அன்று. மூலத்தின் சொல்லை எடுத்து, அதனருகே தம் சொல்லை வைத்து, இரண்டும் படிப்பவர் கண்ணில் ஒருங்கே நிற்கச் செய்வார். மூலம் மறைவதில்லை. இந்த வரம்பைக் கடந்த சுவைஞரும் நம்மிடையே இருந்தனர். இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலியில் தம் இல்லத்து வட்டத்தொட்டியில் நண்பரைக் கூட்டிக் கம்பன் பாடலைச் சொல்லிச் சொல்லிச் சுவைக்கச் செய்தவர். எத்தனையோ பேர் அவர் வாயால் கேட்ட பின்னரே கம்பனைக் காதலித்தனர். அவருக்குத் தமிழ் பட்ட கடன் பெரிது. ஆனால் சுவை குன்றியது எனத் தாம் கருதிய பாடல்களைக் கம்பன் பாடியதன்று என நீக்கினார். சில இடங்களில் சொல்லையும் மாற்றினார். கடுமையான கண்டனம் எழுந்தது, எழுந்தது முறையே. சுவைக்கக் கற்பித்தவர் சுவைத்த பொருளையே திருத்தத் தொடங்கினால், அடுத்து வருபவர் கம்பனைச் சுவைப்பரா, இரசிகமணியைச் சுவைப்பரா?

நம் நாட்டுக்கு வருவோம். 1950, 1951ஆம் ஆண்டுகளில் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோர் எவரும் விட்டுவிடுவதில்லை. அதனை அடுத்துத் தமிழ் முரசில் இரசனை வகுப்பு என்னும் பெயரிலேயே ஒரு பகுதி நடைபெற்றது. எழுதக் கற்பித்த கையோடு படிக்கவும் கற்பிக்க வேண்டும் என்று ஒரு நாளிதழ் எண்ணியதே வியப்பு. பட்டம் பெற்ற பேராசிரியர் கூட்டம் அன்று இல்லை. தோட்டப்புறத்திலும் துறைமுகத்திலும் உழைத்துவிட்டு வந்து நாளிதழ் விரிப்போரே அவ்வகுப்பின் மாணவர். நாளிதழின் மூலையில் நடந்த வகுப்பு அது. அதனை நூலாக்கம் செய்து நம் ஆசிரியப் பயிற்சியில் பாடமாக வைக்க இன்னும் நமக்கு நேரம் வாய்க்கவில்லை.

இன்று நம் வகுப்பறைகளில் நிகழ்வது யாது? எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர் கையில் கவிதை நூலுக்கு முன்னரே வழிகாட்டி நூல் வந்துவிடுகிறது. அதில் அணி நயம், ஓசை நயம், சொல் நயம் எனப் பத்தி பத்தியாக யாரோ சுவைத்து முடித்த சுவை அச்சிடப்பட்டிருக்கிறது. மாணவர் அதனை மனனம் செய்கிறார். கவிஞர் இவ்வரியில் நம் உள்ளத்தைக் கொள்ளை கொள்கிறார் என்று எழுதும் மாணவரின் உள்ளம் கொள்ளை போகவில்லை என்பதை விடைத்தாள் திருத்தும் நாமும் அறிவோம். இருப்பினும் மதிப்பெண் இடுகிறோம். பிழை மாணவருடையது அன்று. அவருக்கு நேர விடப்பட்டது அவ்வளவே. ஆசிரியர் மீது மட்டும் சுமத்தவும் மாட்டோம். நாற்பது நிமிட வேளையில் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடியை நாமும் அனுபவித்திருக்கிறோம்.

அந்த அரும்பொருளகத்துக்கு அதன் பின்னரும் மூன்று முறை மாணவரை அழைத்துச் சென்றோம். இம்முறைகளில் ஒழுங்கு ஒன்றை மட்டும் மாற்றினோம். முதல் பதினைந்து நிமிடம் எவரும் எதுவும் பேசலாகாது. விளக்க அட்டையைப் படிக்கலாகாது. பென்சிலால் திருமேனியை வரைய வேண்டும். நன்றாக வரைய வேண்டும் என்பதில்லை. வரைந்து முடித்த பின் அவர்களுக்குத் தோன்றும் வினாக்களை எழுத வேண்டும். அதன் பின்னரே ரொதான் கண்டதையும், குமாரசுவாமி கூறியதையும், கைமல் மறுத்ததையும், அம்மையார் பாடியதையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைப்போம். வியக்கத்தக்க மாற்றம் என்று மிகைப்படுத்த மாட்டோம். சிலர் சலித்துக்கொண்டனர். ஒருவன் திருவாசியின் தீச்சுடர்களை எண்ணுவதிலேயே பதினைந்து நிமிடத்தையும் கழித்தான். இரண்டு முறை எண்ணி இரண்டு முறையும் வேறு வேறு எண் வந்ததாகச் சொன்னான்.

ஒரு மாணவி மட்டும் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்புறம் சென்று நின்றாள். பின்புறத்தை யாரும் வரைவதில்லை. எந்தத் திறனாய்வாளரும் அதனைப் பற்றி அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவள் தாளில் இருந்தது முதுகும், பின்னந்தலையின் வட்டமும், தோள் வரை தொங்கும் சடைக்கற்றைகளும். திரும்பி வந்தவள் கேட்ட வினா இரண்டு. வலக்காதிலும் இடக்காதிலும் வேறு வேறு தோடு ஏன் என்பது ஒன்று. அதற்கு விடை நூல்களில் உண்டு. ஒரு காது ஆணுக்குரிய குழை, மற்றது பெண்ணுக்குரிய தோடு, மாதொரு பாகன் என்று கூறினோம். அடுத்த வினா இது: "முன்னால் இவ்வளவு வேகமாக ஆடுகிறாரே, ஐயா, பின்னாலிருந்து பார்த்தால் ஏன் அசையாமல் நிற்பதுபோல் இருக்கிறது?"

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் நம்மிடம் உள்ள நூல்களை எல்லாம் எடுத்துப் புரட்டினோம். எல்லா நூல்களிலும் நிழற்படங்கள் முன்புறத்தையே காட்டின. மறுவாரம் தனியே சென்று, கண்ணாடிப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே இருந்த குறுகிய இடைவெளியில் அவள் நின்ற இடத்தில் நின்று பார்த்தோம்.